தலைகீழாகப் பார்த்த தாள்

எழுத்து வடிவமைப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நல்ல பழக்கம் என்று சொல்லித்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஓர் எழுத்தின் வடிவம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். நேராக வைத்தால் கண் தன்பாட்டுக்குப் படிக்க ஆரம்பித்துவிடும். படித்துவிட்டால் வளைவு எங்கே தடிக்கிறது, கோடு எங்கே மெலிகிறது என்பது தெரியாது. பதினோரு வருடமாக நான் இப்படித்தான் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முதலில் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் யாருக்குக் கல்யாணம் என்று படிப்பேன். வீட்டில் இதை வைத்து நன்றாகக் கிண்டல் செய்வார்கள்.

இந்தப் பழக்கத்தால் ஒரு பெண்ணின் படிப்பில் ஒரு வருடம் போனது. பழக்கத்தின் தலையில் மட்டும் பழியைப் போட்டால் அது பாதிப் பொய். மீதிக்குக் காரணம் என் அசதி.

எங்கள் ஊர் ஆம்பூர்ப் பக்கம். பெங்களூருக்கு வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் இருப்பது ஒரு விளம்பர நிறுவனத்தில். பிஸ்கட் உறையில், ஷாம்பு பாட்டிலில், அடுக்குமாடி வாசலில் இருக்கும் எழுத்துகளை உட்கார்ந்து வரைகிறவர்களில் நானும் ஒருத்தி. வருடத்துக்கு ஒரு முறை ஏதாவது தொண்டு அமைப்புக்கு இலவசமாக வேலை செய்வது எங்கள் நிறுவனத்தின் வழக்கம். அந்த வேலையில்தான் விருது கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் எல்லோருக்கும் திடீரென்று மனசாட்சி வந்துவிடும். எனக்கும் வந்தது.

அந்த வருடம் வந்தது, பள்ளியிலிருந்து பாதியில் நிற்கும் குழந்தைகளுக்காக வேலை செய்கிற ஓர் அமைப்பு. ஜீவனஹள்ளியில் அவர்களுக்கு மாலை நேரப் படிப்பு மையம் ஒன்று இருந்தது. இரண்டு அறை, ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தெருவைப் பார்த்த நீளமான சுற்றுச்சுவர். பகலில் கன்னடப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மாலையில் இங்கே வந்து வீட்டுப்பாடம் செய்வார்கள், வீட்டில் பேசும் தமிழையும் எழுதக் கற்றுக்கொள்வார்கள். மையத்து டீச்சர் அதே பகுதியில் பிறந்து வளர்ந்தவள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். குரல் மட்டும் ஐம்பது வயதுக்காரியினுடையது.

யோசனை என்னுடையதுதான், இப்போது மறுத்துப் பயனில்லை. சுவரில் ஆள் உயர எழுத்துகளில் ஒரு வாக்கியம்: ‘நாங்கள் எல்லோரும் வந்திருக்கிறோம்.’ ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு குழந்தையின் கையெழுத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. மொத்தம் பதினேழு எழுத்து. திறப்பு விழாவுக்கு அடுத்த நாளிலிருந்து தினம் ஓர் எழுத்தைப் பிய்த்து எடுத்துவிடுவோம். வாக்கியம் நாளுக்கு நாள் உடையும். கடைசியில் ஒற்றை எழுத்து நிற்கும். பள்ளியிலிருந்து குழந்தைகள் இப்படித்தான் சத்தமில்லாமல் குறைகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்கு உறைக்க வேண்டும். இதே போல ஒரு கன்னட வாக்கியம் பெரிய சாலையில் ஒரு சுவரில். தமிழ் மட்டும் உள்தெருவில், மையத்துச் சுவரில். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. மீட்டிங்கில் எங்கள் பிரிவுத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கையெழுத்து வாங்கப் போனேன். நாற்பது பிள்ளைகள். ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள், ஒரு தடித்த மார்க்கர். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள் என்றேன். பாதிப் பேர் பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள், பாதிப் பேர் கிரிக்கெட்காரர்களின் பெயர்களை எழுதினார்கள். ஜன்னல் ஓரத்தில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, எட்டாம் வகுப்பு, தாளை இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். அழுத்தி எழுதியதில் மார்க்கர் கிறீச்சிட்டது.

“அக்கா, இத நீங்களே பாப்பீங்களா? இல்ல வேற யாராச்சும் பாப்பாங்களா?” என்று கேட்டாள்.

“நான்தான் பாப்பேன். ஒவ்வொரு எழுத்தையும் பாப்பேன்” என்றேன்.

“பிராமிஸ்?”

“பிராமிஸ்.”

அவள் என் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டை ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு விட்டாள். போட்டோவில் நான் நன்றாக இல்லை என்று நினைக்கிறாள் போல என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன், அதுதான் கொடுமை. திங்கட்கிழமை அலுவலகத்தில் நாற்பது தாள்களையும் தலைகீழாகப் பரப்பி வைத்து ஒவ்வோர் எழுத்தையும் பார்த்தேன். ஜன்னலோரப் பெண்ணின் தாளில் முதல் எழுத்தே என்னை நிறுத்தியது. ஒரு ‘நா’. துணைக்காலை விடுங்கள், அந்த ‘ந’தான். அதன் கீழ் வளைவு அடக்கமாக முடியாமல் தாளின் விளிம்பு நோக்கி இறங்கி, கடைசி நொடியில் மனதை மாற்றிக்கொண்டு மேலே திரும்பியிருந்தது. இப்படி ஒரு ‘ந’ கணினியில் ஆறு மாதம் மல்லுக்கட்டினாலும் எனக்கு வராது. ஸ்கேன் செய்து வாக்கியத்தின் முதல் எழுத்தாக வைத்தேன். எந்த நாளில் எந்த எழுத்தைப் பிய்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டோம், அதில் அதற்குக் கடைசி இடம் கொடுத்தேன். இருப்பதிலேயே அழகான எழுத்து, கடைசி வரை நிற்கட்டும் என்று.

அடுத்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று சொல்லத் தெம்பில்லை. ஸ்டிக்கர் அச்சடிப்பவர் ஒரு பக்கம், மழை வந்தால் ஒட்டுமா என்ற கவலை ஒரு பக்கம். இதற்கு நடுவில் பிஸ்கட் கம்பெனிக்குத் தங்கள் எழுத்து ‘இன்னும் மொறுமொறுப்பாக’ வேண்டுமாம். தினமும் சிவாஜிநகரில் பஸ் மாறி வீடு வந்து சேர்வதற்குள் இடுப்பு விட்டுப்போகும். சோற்றைத் தட்டில் போட்டுவைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

திறப்பு விழா சனிக்கிழமை. அதற்கு முந்திய புதன்கிழமை, மூலத் தாள்களைக் கயிற்றில் வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கவிடலாம் என்று முடிவானது. உதவிக்கு வந்த பையனுக்குத் தமிழ் படிக்க வராது, மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரன். ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “மேடம், இது யாவ கடெ மேலெ?” என்று கேட்டான். எந்தப் பக்கம் மேலே என்று கேட்கிறான். வாங்கி நேராகத் திருப்பினேன். முதல் முறையாக அந்தத் தாளைப் படித்தேன்.

‘நான் சொல்றத யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா. ஓசூர்ல மாமா பொண்ணுக்குப் பாப்பா பொறந்திருக்கு. பாப்பாவப் பாத்துக்க என்ன அனுப்பப் போறாங்க. பரீட்ச எழுத முடியாது. அம்மாவுக்கு இஷ்டம் இல்ல, ஆனா மாமாவ எதுத்துப் பேச மாட்டாங்க. டீச்சர் சொன்னா மாமா கேக்க மாட்டாரு, அவங்க எங்க ஏரியா. நீங்க ஐடி கார்டு போட்டுட்டு வந்து பேசுங்க. ஞாயித்துக்கிழம மாமா எங்க வீட்லதான் இருப்பாரு. தண்ணி டேங்க் பக்கத்துல பச்சக் கதவு.’

இதைத்தான் நான் பத்து நாளைக்கு முன்னால் மேஜையில் தலைகீழாக வைத்து ‘ஆஹா’ என்று ரசித்திருக்கிறேன்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அந்த இடத்தில் வேறு தாளைத் தொங்கவிடச் சொன்னேன். பிறகு என்ன செய்தேன் என்றால், வேலையைப் பார்த்தேன். டீச்சருக்கு ஒரு மெசேஜ் அடிக்க ஆரம்பித்து அழித்தேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க என்று எழுதியிருக்கிறாளே, சொல்லலாமா என்று எனக்கு நானே நியாயம் பேசினேன். உள்ளுக்குள் வேறொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சுவரின் முதல் எழுத்தை எழுதிய பெண்ணே படிப்பை விட்டுப் போகிறாள் என்று தெரிந்தால் அமைப்புக்காரர்கள் விழாவையே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன். சனிக்கிழமை முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் போகிறேன் என்று முடிவு செய்தேன்.

விழா நன்றாக நடந்தது. படம் பிடித்தார்கள், கேக் வெட்டினார்கள், பிள்ளைகள் அவரவர் எழுத்தின் முன்னால் நின்று கை உயர்த்தினார்கள். அவளும் தன் ‘ந’வின் முன்னால் நின்றாள். அது அவளைவிட உயரம். கூட்டத்தில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கண்ணால் ஜாடை காட்டினேன், வருகிறேன் என்று. அவளுக்குப் புரிந்ததென்று நினைக்கிறேன், தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிட்டேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேறு வழியில்லை. காலையில் அலாரம் அடித்தது, அணைத்தேன். பத்து மணிக்குப் போகலாம் என்று படுத்தேன். எழுந்தபோது மூன்றரை. கண்ணெல்லாம் எரிந்தது, கால் தரையில் ஊன்றவில்லை. இந்த நிலையில் போய் முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் என்ன பேசுவது, நாளைக்குத் தெம்பாகப் போகலாம், ஒரு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று காபி போட்டுக் குடித்துவிட்டு மறுபடியும் படுத்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு ஜீவனஹள்ளிக்குப் போனேன். தண்ணீர் டேங்க், பச்சைக் கதவு. ஐடி கார்டைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு தட்டினேன். அம்மாதான் திறந்தார். அடுக்குமாடி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை, அந்த நீல யூனிஃபார்மைக்கூட இன்னும் மாற்றவில்லை. என் கார்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்கதானா?” என்றார்.

ஒற்றை அறை வீடு. சுவரில் புத்தர் படம், அதற்குக் கீழே அவளுடைய பள்ளிப் பை ஆணியில் தொங்கியது. அறை நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அந்த அறைக்கு அவை பெரிதாக, வழியை அடைத்துக்கொண்டு நின்றன.

“உக்காருங்க. பக்கத்து வீட்டு சேர்தான். ரெண்டு ஞாயித்துக்கிழமையா வாங்கிப் போட்டு வச்சிருக்கோம். ஆபீஸ்ல இருந்து ஒரு அக்கா வருவாங்க, எழுதிக் குடுத்திருக்கேன், அவங்க வந்து பேசுற வரைக்கும் என்ன அனுப்பாதீங்கன்னு அவ ஒரே அடம். நானும் அண்ணன்கிட்ட, ஸ்கூல் விஷயமா ஆபீஸ்காரங்க வராங்களாம், என்ன ஏதுன்னு கேட்டுட்டு அனுப்பலாம்னு சொல்லி வச்சேன். மொத வாரம் சும்மா இருந்தாரு. நேத்து சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் அவரும் இங்கதான் உக்காந்திருந்தாரு. அவ வாசல்லயே நின்னா.”

“அவ எங்க?” என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்திருந்தது.

“காலைல மொத பஸ்ல கூட்டிட்டுப் போயிட்டாரு.”

நான் உட்காரவில்லை. உடம்பு சரியில்லை என்று ஏதோ முணுமுணுத்தேன். அம்மா திட்டவில்லை. “ஆபீஸ்ல வேல ஜாஸ்தியா இருக்கும்” என்று அவரே எனக்காகச் சொன்னார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

அங்கிருந்து மையத்துக்குப் போய் டீச்சரிடம் தாளைக் கொடுத்தேன். படித்தாள். “எப்பக் கெடச்சுது இது?” என்றாள்.

“அன்னிக்கே கெடச்சுது. படிச்சது புதன்கிழம.”

“புதன்கிழம படிச்சிட்டு சனிக்கிழம இங்க வந்து கேக் தின்னீங்களா?”

அவள் உள்ளே போய் எழுத்துகளைப் பிய்க்கும் தகட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சுவரில் அதுவரை இரண்டு எழுத்து போயிருந்தது, பட்டியலின்படி. அவள் நேராக முதல் எழுத்திடம் போனாள்.

“அது கடைசில எடுக்கணும்” என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. தொழில் புத்தி.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “அவளே போயிட்டா. அவ எழுத்து மட்டும் உங்களுக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டு, கீழ் வளைவிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுத்தாள். கிழியாமல் எடுத்தாள். சுருட்டி உள்ளே கொண்டுபோனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, டீச்சரையும் கூட்டிக்கொண்டு, அதே நாற்காலியில் மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்தேன். ஆட்டோ ஓட்டுகிறவர். அரக்கனை எதிர்பார்த்துப் போனேன். அவர் எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். மகளுக்கு ஆபரேஷன், மருமகன் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர், வேறு ஆளில்லை என்றார். “நீங்க போன வாரம் வந்திருந்தா ஏதாச்சும் யோசிச்சிருப்பேன் மேடம். இப்பப் பொண்ணு அங்க பழகிட்டா. கொழந்த கொஞ்சம் வளரட்டும், கண்டிப்பா கொண்டாந்து விட்டுர்றேன்.” சட்டம், வயது, பரீட்சை என்று டீச்சர் எவ்வளவோ பேசினாள். அவர் எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். பரீட்சை அவள் இல்லாமல் நடந்து முடிந்தது.

அந்தச் சுவர் பேசப்பட்டது. பத்திரிகையில் படம் வந்தது, போனில் பகிர்ந்தார்கள், இரண்டு பேர் அழுதுவிட்டதாக எழுதியிருந்தார்கள். போட்டிக்கு அனுப்பும்போது ஒரு சிக்கல். கடைசியாக ஒற்றை எழுத்து நிற்கும் படம்தான் முக்கியம், ஆனால் சுவரில் கடைசியாக நின்றது ஒரு ‘ம்’. பார்க்க எடுப்பாக இல்லை என்றார் தலைவர். எங்கள் கையில்தான் ஸ்கேன் இருக்கிறதே. வெறும் சுவரின் படத்தில் அந்த ‘ந’வைக் கணினியில் மறுபடி ஒட்டினோம். ஒட்டியது நான்தான். செங்கல் கோடுகளுக்கு ஏற்ப நிழல் கொடுத்து, ஓரத்தில் கொஞ்சம் அழுக்குப் பூசி, கச்சிதமாகச் செய்தேன். பரிசும் கிடைத்தது. கண்ணாடிக் கட்டி ஒன்று, அலுவலக வரவேற்பறையில் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் உள்ளே போகிறேன்.

வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் வெட்கத்தால் வேலையை விட்டுவிடவில்லை. சனிக்கிழமைகளில் மையத்துக்குப் போக ஆரம்பித்தேன். விளம்பரத்துக்காக இல்லை, எழுத்துப் பயிற்சி சொல்லிக்கொடுக்க. டீச்சர் முதல் இரண்டு மாதம் என்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. நான் மாதம் ஒரு முறை பச்சைக் கதவைத் தட்டி விசாரித்தேன். அம்மா ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுக்குப் போய் நாற்காலி வாங்கிவந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். மாமாவுக்கு டீச்சர் வாரம் தவறாமல் போன் செய்தாள், அவர் எடுக்காவிட்டால் ஆட்டோ ஸ்டாண்டுக்கே போய் நின்றாள்.

ஏழு மாதம் கழித்து அவள் வந்தாள். திரும்பவும் எட்டாம் வகுப்பு, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு. உயரமாகியிருந்தாள். இடுப்பில் குழந்தை வைத்துப் பழகியதால் ஒரு பக்கம் சாய்ந்து நின்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்காக மூன்று வாரமாக வார்த்தைகளைத் தயார் செய்திருந்தேன். “சரிக்கா” என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் வெகுநாள் எனக்காக அவள் எதுவும் எழுதவில்லை. மற்றவர்கள் தாளைக் கொடுப்பார்கள், அவள் வெறும் வட்டங்களும் கோடுகளுமாகப் பயிற்சி செய்து கொடுப்பாள். வார்த்தை இருக்காது. நானும் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மற்ற பிள்ளைகள் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஒரு தாளோடு வந்தாள். எழுத்துகள் என் பக்கம் நேராக இருக்கும்படி நீட்டினாள். வாங்கிப் பையில் வைக்கப் போனேன்.

“இங்கயே படிங்கக்கா” என்றாள்.

படித்தேன். ஸ்கூல் சாம்பாரில் உப்பு இல்லை என்றும், பக்கத்தில் உட்காரும் பெண் ரப்பரைத் திருப்பித் தருவதில்லை என்றும், டீச்சருக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், கேட்டால் அடிக்க வருகிறாள் என்றும் எழுதியிருந்தாள். எழுத்து மாறியிருந்தது. ‘ந’வின் வளைவு கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கவே இல்லை.

“படிச்சிட்டேன்” என்றேன்.

“பின்னாடியும் எழுதியிருக்கேன்.”

திருப்பினேன். ‘ஓசூர் பாப்பா இப்ப நடக்குது. நான் வந்த அன்னிக்கு ரொம்ப அழுதுச்சாம். நானும் பஸ்ல அழுதேன். யார்கிட்டயும் சொல்லல.’

கண்ணை எடுக்காமல் கடைசிச் சொல் வரை படித்தேன். நான் படித்து முடிக்கும்வரை அவள் என் எதிரில், பையை மாட்டிக்கொண்டு, என் கண் எந்த வரியில் போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.